வேட்டியும் வாயிலும்: கழகங்களின் உடைவிதி பற்றிய ஒரு சமூக வரலாற்று நோக்கு

2014 ஆம் ஆண்டு யூலை 11 ஆந் திகதி, சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி டி. அரிபரந்தாமன், சேப்பாக்கத்திலுள்ள தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் கழகத்தில் ஒழுங்குசெய்யப்பட்டிருந்த நூல் வெளியீட்டு விழாவொன்றுக்குச் சென்றார். அவர் வேட்டியும் சட்டையும் அணிந்திருந்தார். கழக ஊழியர்கள் அவரை வாயிலில் நிறுத்தி, கழக விதிப்படி வேட்டியணிந்தோர் உள்ளே வருதல் இயலாது என்றனர். அவர் திரும்பிச் சென்றார். அதே விழாவுக்கு வேட்டியுடன் வந்த வழக்கறிஞர் இருவருக்கும் இதுவே நேர்ந்தது. நீதிபதி ஒருவரையே தடுத்தனர் என்ற செய்தி மறுநாட் பத்திரிகைகளில் வெளிவந்ததும் தமிழகத்தின் கட்சிகள் யாவும் ஒரே குரலிற் கண்டனம் தெரிவித்தன. அடுத்த மாதமே முதலமைச்சர் ஜெயலலிதா சட்டசபையில் ஒரு மசோதாவைக் கொணர்ந்தார், அது நிறைவேறியது. தமிழர் பண்பாட்டைக் காட்டும் வேட்டியையோ வேறு இந்திய மரபுடையையோ அணிந்து வருபவரைப் பொது இடங்களில் நுழையவிடாது தடுக்கும் விதி எதனையும் கழகங்கள், சங்கங்கள், கம்பனிகள் முதலியன வகுத்தலாகாது என்று அச்சட்டம் விதித்தது. மீறுவோரின் உரிமம் இரத்தாகலாம். ஓராண்டு வரை சிறையும் இருபத்தையாயிரம் ரூபா தண்டமும் விதிக்கப்படலாம்.

இச்சட்டத்தை இங்கும் பலர் மகிழ்ச்சியுடன் வரவேற்றனர். நாமும் வரவேற்றோம். அன்னியர் ஆட்சி நீங்கி அறுபத்தேழு ஆண்டுகள் கழிந்த பின்னரும் தமிழ்நாட்டின் தலைநகரில் வேட்டி கட்டிய தமிழன் வாயிலில் நிற்க நேர்ந்தமை கேலிக்கும் கோபத்துக்கும் ஒருங்கே உரியது. ஆயினும் வரவேற்பு முடிந்த பின்னர் ஒரு கேள்வி எஞ்சுகின்றது. அக்கழகத்தின் விதி அநீதியானது என்று நாம் கூறும்போது, எக்காரணம் பற்றிக் கூறுகின்றோம்? தடுக்கப்பட்ட உடை நம்முடையது என்பதனாலா? அல்லது, உடையைக் காட்டி மனிதரைத் தடுத்தமையே அநீதி என்பதனாலா? இவ்விரண்டும் ஒன்றல்ல. முதலாவது விடையைக் கொண்டால், நமது வரலாற்றின் ஒரு பகுதியை நாம் மறைத்தே பேசவேண்டியிருக்கும். இதனை விளக்குவதற்குக் கழகம் என்ற நிறுவனத்தின் வரலாற்றிலிருந்து தொடங்குதல் பொருத்தமாகும்.

இத்தகைய கழகங்கள் நம் நாடுகளுக்குப் பிரித்தானியராட்சியுடன் வந்தவை. கல்கத்தாவில் வங்காளக் கழகம் 1827 இலும், சென்னையில் மதராஸ் கழகம் 1832 இலும், கொழும்புக் கழகம் 1871 இலும், நுவரெலியாவில் தோட்டத்துரைமாரின் ஹில் கிளப் 1876 இலும் தோன்றின. குடிப்பதும் உண்பதும் சீட்டாடுவதும் இவற்றின் வெளிப்படையான நோக்கங்கள். எனினும் எண்ணிக்கையிற் சிறுத்த ஓர் ஆளுங்கூட்டம் தன்னைத் தானே கண்டு தேற்றிக்கொள்ளும் இடமாகவும் அவை அமைந்தன. பகல் முழுவதும் கச்சேரியிலும் நீதிமன்றத்திலும் தோட்டத்திலும் சுதேசிகளின் நடுவே இருந்த துரை, மாலையில் அவர்கள் சமமாக அமரமுடியாத ஓரிடத்தை நாடினார். அங்கு சுதேசியைத் தடுப்பதற்கு உடைவிதி எதுவும் தேவைப்படவில்லை என்பது கருதத்தக்கது. நிறமே விதியாயிருந்தது. இலண்டனிற் சட்டம் பயின்று, அங்கேயே தைத்த காற்சட்டையும் மேற்சட்டையும் கழுத்துப்பட்டியுமாய்த் திரும்பிய பாரிஸ்டரும், கோவணத்துடன் நின்ற உழவனும் அவ்வாயிலைப் பொறுத்தவரை ஒன்றே. அக்காலக் கழகத்தின் உடைக் கட்டுப்பாடு வெள்ளையருக்காக ஏற்பட்டது. வெப்ப மண்டலத்திலும் துரை துரையாகவே இருக்கவேண்டும், மாலையுணவுக்கு உரிய கோலத்தில் வரவேண்டும் என்பதே அதன் கருத்து.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. சுதேச உடை அக்கழகங்களினுள்ளே ஒருபோதும் இல்லாமலிருக்கவில்லை. இந்தியக் கழகங்களிற் பரிமாறியோர் தலைப்பாகையும் இடைக்கச்சையும் அணிந்து நின்றனர். இலங்கையிலோ வெள்ளைச் சாரமும் பித்தளைப் பொத்தான் பதித்த வெள்ளை மேற்சட்டையும் பரிமாறுவோரின் கோலமாயின. தட்டத்தை ஏந்தியவன் அணிந்திருக்கையில் அவ்வுடை அழகும் ஒழுங்கும் மரபும் உடையதாய் இருந்தது. நாற்காலியில் அமர வருபவன் அதனை அணிந்திருந்தாற்றான் ஒழுங்கீனம். துணி ஒன்றே, அதனை உடுத்தவன் நிற்கிறானா இருக்கிறானா என்பதே வேறுபாடு.

கழகத்துக்கு வெளியே, அரசாங்கத்தின் வைபவங்களில், உடைபற்றிய ஆணைகள் இன்னும் நுணுக்கமாயிருந்தன. 1830 இல் கிழக்கிந்தியக் கம்பனி தன் உத்தியோகத்தர் பொது வைபவங்களில் இந்திய உடை அணிவதைத் தடைசெய்தது. அதற்கு முந்திய தலைமுறையில் பல கம்பனி உத்தியோகத்தர் தம் இல்லங்களில் இந்திய உடையை விரும்பி அணிந்தவர்களே. ஆட்சி உறுதிப்பட்டதும் ஆள்வோரும் ஆளப்படுவோரும் தோற்றத்தில் ஒன்றாதல் ஆபத்தாகத் தோன்றியது. 1854 இல் மகாதேசாதிபதி டல்ஹௌசியின் அரசாங்கம் சப்பாத்துப் பற்றி ஓர் ஆணை பிறப்பித்தது. அதன்படி வங்காளத்தில் ஐரோப்பிய முறையான சப்பாத்தும் காலுறையும் அணிந்த சுதேசக் கனவான்கள் அரச வைபவங்களில் அவற்றுடனேயே தோன்றலாம். சுதேசச் செருப்பணிந்து வருபவரோ பழைய வழக்கப்படி அதனைக் கழற்றியே ஆகவேண்டும். இங்கு நாம் ஒரு புதிய தத்துவத்தின் பிறப்பைக் காண்கின்றோம். நிறம் என்ற கதவு சற்றே திறந்து, அதன் இடத்தில் உடை என்ற கதவு பொருத்தப்படுகின்றது. இக்கதவு பணிவுடன் பேசும்: நீ யார் என்பதற்காக உன்னைத் தடுக்கவில்லை, நீ உடுத்தியிருப்பதற்காகவே தடுக்கின்றோம் என்று.

ஆங்கிலங் கற்ற மத்தியதர வர்க்கம் இக்கதவின் முன்னே இரு விதமாக நடந்துகொண்டது. ஒரு சாரார் தாமே கழகங்களை அமைத்தனர். கொழும்பில் 1894 இல் அமைந்த ஓரியன்ட் கழகம் இலங்கையருக்கு உரியது; ஐரோப்பியருக்கு அங்கு இடமில்லை. கல்கத்தாக் கழகம் 1907 இல் இரு இனத்தாருக்கும் பொதுவாகத் தொடங்கிற்று. தள்ளப்பட்டவர்கள் தமக்கெனக் கட்டிய வீடுகள் இவை. ஆனால் வரைபடம் தள்ளியவர்களுடையது. மற்றொரு சாரார் உடையையே போராட்டப் பொருளாக்கினர். 1905 இல் ஆனந்த குமாரசுவாமியின் தலைமையில் உருவான இலங்கைச் சமூக சீர்திருத்தச் சங்கம் ஐரோப்பியப் பழக்கங்களையும் உடையையும் சிந்தனையின்றிப் பின்பற்றுவதை எதிர்த்தது. அநகாரிக தர்மபால காற்சட்டையையும் தொப்பியையும் எள்ளி நகையாடினார். யாழ்ப்பாணத்தில் 1924 இல் தோன்றிய மாணவர் காங்கிரசின் இளைஞர்கள், ஹன்டி பேரின்பநாயகம் முதலியோர், தேசிய உடையைத் தாங்கள் கொண்ட அரசியலின் அடையாளமாக ஏற்றனர். காந்தியடிகளை 1927 நவம்பரில் யாழ்ப்பாணத்துக்கு அழைத்தவர்களும் இவர்களே.

காற்சட்டையே நாகரிகத்தின் எல்லை என்று நம்பியோர் அறிந்திருக்கவேண்டிய செய்தி ஒன்றினை இவ்விடத்திற் கூறலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டனின் உயர்குடியினர் கூடிய ஆல்மாக்ஸ் மண்டபத்தில் ஆடவர் முழங்காலளவான காற்சட்டையுடனேயே வரவேண்டும் என்பது விதி. வெலிங்டன் பிரபு ஒருநாள் கறுப்பு நீளக் காற்சட்டையுடன் வந்தபோது, நீளக் காற்சட்டையுடன் உள்ளே விடுவதற்கில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டதாகக் கப்டன் கிறோனோ தம் நினைவுக்குறிப்புகளில் எழுதியுள்ளார். நெப்போலியனை வென்றவரைத் திருப்பியனுப்பிய அதே ஆடை, இருநூறு ஆண்டுகளின் பின் சேப்பாக்கத்தில் உள்ளே செல்வதற்கான அனுமதிச் சீட்டாயிற்று! எந்த ஆடை கண்ணியமானது என்பது ஆடையின் இயல்பில் இல்லை. வாயிலைக் காப்போர் எதனை விரும்புகின்றனர் என்பதிலேயே உளது. அன்றியும், வெலிங்டன் பிரபு வீடு சென்று வேறுடை மாற்றிவரக் கூடியவர். உடைவிதி அவரைச் சிரமப்படுத்தியதேயன்றிச் சிறுமைப்படுத்தவில்லை.

சுதந்திரத்தின் பின்னர் நிகழ்ந்தது யாது? நிறவிலக்கு ஒரு நாளில் நீங்கிவிடவில்லை. வங்காளக் கழகம் இந்தியரை உறுப்பினராக ஏற்றது 1959 இல், அதாவது சுதந்திரம் கிடைத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்த பின்னரே. நிறவிலக்கு நீங்கிய இடங்களில் உடைவிதி தங்கிற்று. துரை போனபின் துரையின் நாற்காலியில் அமர்ந்தவர்கள், அந்நாற்காலி தமக்குரியதே என்பதை நிறுவுவதற்கு அவ்விதியை அவரினும் இறுக்கமாகப் பற்றினர் எனலாம். 1988 இல் பம்பாயின் வில்லிங்டன் கழகத்தில் ஓவியர் எம்.எப். ஹுசைன் வெறுங்காலுடன் வந்தமைக்காகத் தடுக்கப்பட்டார். வெறுங்காலுடன் நடத்தல் அவர் தாமே தேர்ந்துகொண்ட வழக்கம். ஆயினும் வெறுங்கால் என்றதும் வாயிலில் நின்றோர் மனத்தில் எழுந்த உருவம் ஓவியருடையதாயிருந்திராது.

நுவரெலியா ஹில் கிளப்பைப் பற்றிப் பயண நூல்கள் சுவையான ஒரு செய்தி கூறும். மாலையில் உணவு மண்டபத்துள் நுழையும் ஆடவர் மேற்சட்டையும் கழுத்துப்பட்டியும் அணிந்திருத்தல் வேண்டும். இல்லாதவர்க்கு இரவல் கொடுப்பதற்கென்றே கழகத்தில் மேற்சட்டைகளும் கழுத்துப்பட்டிகளும் வைக்கப்பட்டிருக்கும். யாரோ ஒருவருக்குத் தைத்தது, பலரும் அணிந்தது, எவருக்கும் அளவாகப் பொருந்தாதது. அதனை மாட்டிக்கொண்டவர் அழகாகத் தோன்றுவாரென்று எவரும் கருதியிருக்கமாட்டார்கள். எனவே அவ்விதி நாடுவது தோற்றப் பொலிவை அன்று, அணிபவரின் இணக்கத்தை. இக்கழகத்தைச் சூழ்ந்த மலைகளிலேதான் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட நம் மலையக மக்கள் கம்பளியைத் தலையிலிட்டும் படங்கை இடையிற் சுற்றியும் கொழுந்து கொய்தனர். தோட்டத்தில் கோட்டும் தலைப்பாகையும் கங்காணியின் சின்னங்கள். துரை, கங்காணி, கூலி என்ற வரிசையை எழுதப்படிக்கத் தெரியாதவரும் தொலைவிலிருந்தே உடையில் வாசித்துக்கொள்ளலாம். இரவல் மேற்சட்டை கழகத்தின் மேசைக்கு வரக்கூடியவனுக்கே உரியது. கொழுந்துக்காரிக்கு இரவல் கொடுக்க அங்கு எதுவும் தொங்கவில்லை.

அண்மைக்கால நிகழ்ச்சிகள் இரண்டு இதனை மேலும் தெளிவாக்குகின்றன. 2017 யூன் மாதத்தில் டில்லியின் கோல்ஃப் கழகமொன்றுக்கு விருந்தினராக அழைத்துச் செல்லப்பட்ட, மேகாலயாவின் காசி இனத்தைச் சேர்ந்த பெண் ஒருவர், தம் இனத்தின் மரபுடையான ஜைன்செம் அணிந்திருந்தார். அவ்வுடை பணிப்பெண்ணின் உடைபோல இருக்கிறது என்று கூறி அவரை உணவு மேசையிலிருந்து எழுந்து செல்லும்படி கேட்டனர். அடுத்த மாதம் கல்கத்தாவின் பெரிய வாணிப நிலையமொன்றின் வாயிலில் வேட்டியணிந்த திரைப்பட இயக்குநர் ஒருவர் தடுக்கப்பட்டார். அவர் ஆங்கிலத்திற் பேசத் தொடங்கியபின் உள்ளே விட்டனர் என்று உடன் சென்றவர் எழுதினார். இரண்டாவது நிகழ்ச்சியில் உடை மாறவில்லை. அதே வேட்டிதான். மாறியது, அவ்வேட்டியினுள் இருப்பவர் எந்த வர்க்கத்தவர் என்பது பற்றிய காவலாளியின் மதிப்பீடு. முதலாவது நிகழ்ச்சி பற்றி அக்காலத்தில் எழுந்த கண்டனங்களோ நம்மை வேறொரு வகையிற் சிந்திக்க வைக்கின்றன. ஒரு தொன்மையான இனத்தின் மரபுடையைப் பணிப்பெண்ணின் உடையென்று பிழையாகக் கருதிவிட்டனரே என்பதே பலரது கோபமாயிருந்தது. அப்பெண் உண்மையில் தம்மை அழைத்துச் சென்றவரின் குடும்பத்திற் பிள்ளைகளைப் பராமரிப்பவர். பணிப்பெண் ஒருத்தி பணிப்பெண்ணின் உடையிலேயே விருந்தினராக வந்திருந்தால் அவளை எழுப்பியது நியாயமாகியிருக்குமா என்று கேட்டவர் சிலரே.

உடைவிதியை ஆதரிப்போரின் வாதங்களை நாம் அலட்சியஞ் செய்தல் ஆகாது. கழகம் தனியாரின் கூட்டு. தம் வீட்டுக்கு யாரை, எக்கோலத்தில் அழைப்பதென்பது வீட்டுக்காரர் உரிமை என்பர். நாலுபேர் தம் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து ஆடுவதாயின் இவ்வாதம் செல்லும். சேப்பாக்கத்துக் கழகமோ அரசு குத்தகைக்கு விட்ட நிலத்தில் நிற்பது. மது பரிமாறுவதற்கு அரசின் உரிமம் வேண்டுவது. நூல் வெளியீடு போன்ற வைபவங்களுக்கு மண்டபத்தைத் திறந்துவிடுவது. பொதுமக்களின் நிலமும் பொது அதிகாரம் தரும் சலுகையும் கைக்கொண்டபின் வீட்டுக்காரர் உரிமை பேசுதல் பொருந்தாது. 2014 ஆம் ஆண்டுச் சட்டம் உரிமத்தின்மீது கைவைத்தமை இவ்வகையிற் சரியான தர்க்கமே.

சீருடை சமத்துவம் தரும் என்பது மற்றொரு வாதம். செல்வனும் வறியவனும் ஒரே கோலத்தில் வந்தால் வேறுபாடு மறையுமன்றோ என்பர். இதில் உண்மை இல்லாமலில்லை. நம் பாடசாலைகளில் வெள்ளைச் சீருடை அப்பணியைச் செய்கின்றது. ஆனால் 1993 ஆம் ஆண்டு முதல் இலங்கை அரசு சீருடைத் துணியை மாணவர்க்கு இலவசமாக வழங்கியது எதற்காக? விதி மாத்திரம் இருந்து துணி இல்லாதவிடத்துச் சீருடை சமத்துவத்தைத் தராது. துணி இல்லாத பிள்ளையைப் பாடசாலை வாயிலில் நிறுத்தும். மதுச்சாலையும் கழகமும் வேண்டும் சப்பாத்தையும் மேற்சட்டையையும் எவரும் இலவசமாக வழங்குவதில்லை.

மூன்றாவது, ஒழுங்கு பற்றிய வாதம். நீச்சற் குளத்திலிருந்து ஈரம் சொட்ட எழுந்துவந்து உணவு மேசையில் அமரவேண்டாம் என்றால் அதற்கு மறுப்பில்லை. அவ்விதி எவருடைய பிறப்பையும் தொழிலையும் தொடுவதில்லை. ஒரு துவாயைச் சுற்றிக்கொள்வதுடன் தீர்ந்துவிடும். வேட்டியும் சாரமும் சேலையும் அத்தகையன அல்ல. நமது கள்ளுத் தவறணையில் எவரும் உடையைக் கேட்பதில்லை, காசைத்தான் கேட்கிறார்கள். அங்கும் ஓர் ஒழுங்கு நிலவத்தான் செய்கின்றது.

இதுவரை கூறியவற்றை நம் வாசகர் எளிதில் ஏற்பர் என்றே எண்ணுகின்றோம். ஏனெனில் இங்கு குற்றவாளிகள் துரைமாரும் அவர் வழிவந்த கனவான்களுமே. ஆனால் உடையைக் காட்டி மனிதரை நிறுத்தும் கலையைத் தமிழ்ச் சமூகம் துரையிடமிருந்து கற்கவில்லை.

திருவிதாங்கூரில் நாடார் குலப் பெண்கள் மேலாடை அணிவதற்காக நடத்திய போராட்டம் யாவரும் அறிந்ததே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதற் பாதி முழுவதும் நீடித்த அப்போராட்டத்தில் மேலாடைகள் கிழித்தெறியப்பட்டன. வீடுகளும் கோயில்களும் கொளுத்தப்பட்டன. சென்னை ஆளுநர் டிறெவெலியனின் வற்புறுத்தலின் பின்னர் 1859 யூலை 26 இல் மகாராசா ஓர் அறிக்கை வெளியிட்டார். நாடார் பெண்கள் இனி மார்பை மறைக்கலாம். ஆயினும் உயர்சாதிப் பெண்கள் அணியும் முறையில் அணிதல் ஆகாது என்ற நிபந்தனையும் அதிலிருந்தது! மறைத்தல் அனுமதிக்கப்பட்டது, ஒத்திருத்தல் அனுமதிக்கப்படவில்லை. டல்ஹௌசியின் சப்பாத்து ஆணைக்கும் இதற்கும் இடைவெளி ஐந்தாண்டுகள்தாம். இரண்டும் வெவ்வேறு அரசாங்கங்களின் ஆணைகள், வெவ்வேறு கூட்டத்தாருக்கு விதிக்கப்பட்டவை. ஆனால் உள்ளிருக்கும் அச்சம் ஒன்றே: தோற்றத்தில் ஒத்தவன் நாளை நிலையிலும் ஒப்பான் என்னும் அச்சம்.

யாழ்ப்பாணத்து நிலை இதனின் வேறானதன்று. பஞ்சமர் என வழங்கப்பட்ட சாதியினருள் ஆடவர் மேற்சட்டையணிதலும், சால்வையைத் தோளிலிடுதலும், முழங்காலுக்குக் கீழே வேட்டியை விடுதலும் இருபதாம் நூற்றாண்டிலும் பல ஊர்களிற் குற்றமாகக் கருதப்பட்டன. பெண்களுக்கு இரவிக்கை மறுக்கப்பட்டது. நகையும் குடையும் செருப்பும் இவ்வாறே. தோளிலிருந்து சால்வையை எடுத்து இடையிற் கட்டுதல் மரியாதை எனப்பட்டது. அது எவருக்கு எவர் செய்யவேண்டிய மரியாதை என்பதை நாம் விளக்கவேண்டியதில்லை. கோயிலில் மேற்சட்டையைக் களைந்து இறைவன் முன் நிற்பதை உயர்சாதியார் பக்தியாகக் கண்டனர். அதே வெற்றுடம்பை ஊரின் ஒரு பகுதியாரிடமிருந்து தெருவில் நாள்தோறும் வேண்டினர். ஆக, வேட்டி என்ற இவ்வுடையே, கணுக்கால் வரை தொங்கும் வெள்ளை வேட்டி, ஒருவகையில் நமது கழக உடையாக இருந்தது. அதனை அணியும் உரிமை எல்லாத் தமிழருக்கும் உரியதாக இருக்கவில்லை.

இப்பின்னணியிலேயே தேசிய உடை இயக்கத்தை மீண்டும் நோக்குதல் வேண்டும். காந்தியடிகள் 1921 செப்ரெம்பரில் மதுரையில் மேற்சட்டையையும் குல்லாயையும் நீக்கி அரையாடையை ஏற்றார். வறியவரோடு தம்மை ஒன்றாக்கும் அச்செயலின் பெருமையை நாம் குறைத்துரைக்கவில்லை. எனினும் மேற்சட்டை அணியும் உரிமை உடையவரே அதனைத் துறக்கமுடியும். அவர் யாழ்ப்பாணம் வந்துசென்ற அடுத்த மாதம், 1927 டிசெம்பரில், மகாட்டில் அம்பேத்கர் தாழ்த்தப்பட்ட சமூகப் பெண்களை நோக்கி, உயர்சாதிப் பெண்கள் சேலையுடுத்தும் முறையிலேயே உடுத்துங்கள் என்று கூறினார். அவரோ மேனாட்டு முறையான முழு உடையைத் தம் கோலமாகக் கொண்டார். குமாரசுவாமியின் கண்ணில் அடிமை மனத்தின் சின்னமாகத் தோன்றிய காற்சட்டை, அம்பேத்கரின் பின் நின்றோர்க்கு விடுதலையின் சின்னம். இவருள் யார் சரி என்ற வினா பொருளற்றது. ஒவ்வொருவரும் தம்மைத் தடுத்த வாயிலை நோக்கியே உடுத்தனர். யாழ்ப்பாண மாணவர் காங்கிரசினர் இதனை உணர்ந்திருந்தனர் என்பது அவர்களது சிறப்பு. தேசிய உடை பேசிய அவர்களே தீண்டாமையை எதிர்த்தும் தீர்மானங்கள் நிறைவேற்றினர். ஆனால் 1929–30 ஆம் ஆண்டுகளில் உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் அமரவேண்டும் என்ற ஏற்பாடு வந்தபோது, அதனை எதிர்த்து முறையிட்ட கனவான்களும் வேட்டி சால்வையுடன் திகழ்ந்தவர்களே.

தேநீர்க் கடைகளின் கதை இன்னும் அண்மையது. பஞ்சமருக்குத் தனிக் குவளை அல்லது போத்தல், வாங்குக்குப் பதிலாக நிலம் என்பதே வழக்கு. 1957 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் கடைகளிலும் உணவகங்களிலும் நுழைவதைத் தடுத்தல் குற்றமென்று கூறியது. சட்டம் இருந்தும் கடைகள் திறக்கவில்லை. 1966 ஒக்ரோபர் 21 இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலமும், அதன்பின் சங்கானை முதலிய இடங்களில் நிகழ்ந்த தேநீர்க் கடைப் பிரவேசங்களும், 1968 இல் மாவிட்டபுரம் கோயில் வாயிலில் நடந்த போராட்டமுமே அவற்றைத் திறந்தன. உயிரிழப்புகளும் நேர்ந்தன. ஒரு குவளைத் தேநீரை நாற்காலியில் அமர்ந்து குடிப்பதற்காக!

சட்டங்களின் சொற்களைச் சற்று ஊன்றி நோக்குவோம். கடைகள், பொது உணவகங்கள், விடுதிகள், பொதுக் களியாட்ட இடங்கள் ஆகியவற்றுள் நுழைவதை மதம், இனம், சாதி, பால், பிறப்பிடம் ஆகிய காரணங்களால் மட்டும் தடுத்தலாகாது என்கிறது இந்திய அரசியலமைப்பின் 15(2) ஆம் உறுப்புரை. இலங்கையின் 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 12(3) ஆம் உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி, பால் ஆகியவற்றைக் கூறுகின்றது. இந்தியாவின் 1955 ஆம் ஆண்டுத் தீண்டாமைக் குற்றங்கள் சட்டமோ ஒருபடி மேலே சென்று, நகையும் அணிகலனும் அணிவதைத் தீண்டாமையின் பேரால் தடுத்தலும் குற்றமென்றது. அதனை வகுத்தோர் ஊர்களின் நடைமுறையை அறிந்திருந்தனர் போலும். ஆனால் அரசியலமைப்புகளின் இப்பட்டியல்களில் வர்க்கம் என்ற சொல் இல்லை. தொழில் இல்லை. வறுமை இல்லை. சாதி என்று சொல்லித் தடுக்கமுடியாத வாயிற்காவலன் உடை என்று சொல்லித் தடுக்கலாம். உடை ஒருவரது தொழிலையும் வருவாயையும், பல வேளைகளிற் சாதியையும், அவர் வாய் திறக்குமுன்னரே கூறிவிடும்.

2014 ஆம் ஆண்டுத் தமிழகச் சட்டம் இவ்வெற்றிடத்தை நிரப்பியிருக்கலாம். எவரையும் உடை காரணமாகப் பொது இடத்தில் தடுத்தலாகாது என்று அது கூறியிருக்கலாம். அவ்வாறு கூறவில்லை. அது பாதுகாத்தது மனிதரை அன்று, வேட்டியை; அதுவும் தமிழர் பண்பாட்டின் சின்னமாகிய வேட்டியை. நீதிபதியின் வேட்டிக்கு அச்சொற்கள் நன்கு பொருந்துகின்றன. கட்டடத் தொழிலாளியின் கட்டம் போட்ட கைலிக்குப் பொருந்துமா? இக்கேள்வி கற்பனையானதன்று. சட்டம் நிறைவேறிய மறு ஆண்டில், 2015 நவம்பரில், சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் தனி நீதிபதி ஒருவர் கோயில்களுக்கு உடைவிதி வகுத்து ஆணையிட்டார். 2016 ஜனவரி முதலாந் திகதி தமிழகக் கோயில்களின் வாயில்களில் அறிவிப்புப் பலகைகள் தோன்றின. வேட்டி வரலாம், காற்சட்டையும் சட்டையும் வரலாம், கைலி வரலாகாது. சில வாரங்களில் இரு நீதிபதிகள் கொண்ட அமர்வு அவ்வாணையை நிறுத்திவைத்தது. சேப்பாக்கத்து வாயிலில் வேட்டிக்காகத் திரண்ட குரல்களுள் மிகச் சிலவே அவ்வேளையிற் கைலிக்காக எழுந்தன.

நம் நாட்டிற் கைலியைச் சாரம் என்கிறோம். கொழும்பின் பெரிய விடுதிகளில் அது வெண்மையாய், மடிப்புக் கலையாமல், பித்தளைப் பொத்தான் மேற்சட்டையின் கீழ் தட்டத்துடன் மேசைக்கு வந்துபோன காலம் நெடியது. அதே சாரத்தை வீட்டிலிருந்து உடுத்திவந்து அம்மேசையில் அமர்பவரை எழுப்புதல் குற்றமென்று கூறும் சட்டம் எதனையும் நாம் இன்னும் இயற்றவில்லை.